ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது உதைக்கிறதா? பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் வண்டி கியர் மாறும்போது உதைக்கிறது என்று சொன்னவுடனே, "பாக்ஸ எறக்கிப் பாத்துடலாம் சார்" என்று பதில் வந்தால் தலையாட்டிவிடாதீர்கள். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை. பல நேரம் உதைக்குக் காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கும். தளர்ந்த எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), அழுக்கேறிய த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குக் காற்று விடும் வாய்), சோர்ந்த பேட்டரி, கிரீஸ் காய்ந்த ஜாயின்ட், சமயத்தில் ஏசி கம்ப்ரசர்கூட உதைக்க வைக்கும். பெட்டிக்குள்ளேதான் கோளாறு என்றாலும் முதல் சந்தேகம் ஆயில் மேல் விழ வேண்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு கஷ்டங்கள் கூடுதல். ஒன்று வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் காயும்போது, காட்பாடி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியின் கியர் ஆயிலுக்கு ஆறுவதற்கு வழியே கிடைப்பதில்லை. இன்னொன்று தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் கியர்பாக்ஸ் வரை போய் அடிக்கிறது. அதைக் கீழே ஆயில் பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

உள்ளே இருப்பது எந்தப் பெட்டி?

இது தெரியாமல் அறிகுறியைப் படிக்க முடியாது. ஒரு வகையில் கோளாறாக இருப்பது இன்னொரு வகையில் இயல்பு.

டார்க் கன்வெர்ட்டர் என்பது எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பழைய, உறுதியான வகை. இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்ப்பியோ-என், பெட்ரோல் எர்டிகா ஆட்டோமேட்டிக் எல்லாம் இதுதான். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் போடுகிறது. மாருதியில் ஏஜிஎஸ் என்று எழுதியிருப்பதும், டியாகோ, க்விட் ஆட்டோமேட்டிக் வண்டிகளும் இந்த வகை. சிவிடியில் கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட் ஓடும். ஹோண்டா சிட்டியிலும் அமேஸிலும் இது உண்டு. டிசிடியில் கிளட்ச் இரண்டு. வென்யூ டர்போவில் இருப்பது உலர் கிளட்ச், ஆல்ட்ரோஸ் டிசிஏவில் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச்.

வண்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். பழைய டீசல் பிரெஸ்ஸாவில் ஏஎம்டி இருந்தது. பின்னால் வந்த பெட்ரோல் பிரெஸ்ஸாவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டுக்கும் ஆயில் வேறு, வைத்தியம் வேறு. உரிமையாளர் கையேட்டைத் திறந்து, எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதையைப் பிடிக்க ஒரு ஓட்டம்

வண்டியை ஓட்டிப் பார்க்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பும் ஊகம்தான். நம் ஊர்ச் சாலைகளே இதற்கு வசதி. காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பி, கிரீன் சர்க்கிள் சிக்னல் பக்கம் ஐந்து நிமிடம் நின்று நின்று ஓட்டுங்கள். அடுத்து தேசிய நெடுஞ்சாலை 48-இல் பள்ளிகொண்டா வரை 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் மட்டும் தொல்லை என்றால் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகள் போதும்; பெட்டியில் ஒளிந்திருக்கும் வழுக்கல் அங்கே வெளியே வந்துவிடும்.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வேகத்தில் உதைத்தது, ஆர்பிஎம் முள் எங்கே இருந்தது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபோதா அழுத்தியபோதா, வண்டி சூடேறி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, ஏசி ஓடியதா. கடைசிக் கேள்வியை வேண்டாத கேள்வி என்று நினைக்க வேண்டாம். நம் வெயிலில் ஏசியை அணைப்பவர் யாரும் இல்லை. சின்ன எஞ்சின் வண்டிகளில் கம்ப்ரசர் சேர்ந்து பிரியும்போது 30, 40 கி.மீ. வேகத்தில் வரும் குலுக்கல் அச்சு அசலாகக் கியர் உதை போலவே இருக்கும். ஏசியை அணைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். குலுக்கல் போய்விட்டால் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதே இல்லை.

எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரைப் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோடு (கோளாறு எண்) படிக்க வேண்டும். விலை மலிவான புளூடூத் ஸ்கேனர் பல நேரம் எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். அதில் பி 0700 என்று வந்தால், "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கோடு இருக்கிறது, போய்ப் பார்" என்று மட்டுமே பொருள். அதை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நின்ற இடத்தில் டி (டிரைவ்) அல்லது ஆர் (ரிவர்ஸ்) போடும்போது 'டொக்' என்று அடிக்கிறது

முதலில் ஐடில் ஆர்பிஎம், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம் பாருங்கள். சூடான பெட்ரோல் எஞ்சின் ஏசி இல்லாமல் 650 முதல் 800-க்குள் நிற்க வேண்டும். அது 1,000-க்கு மேல் நின்றால், கியர் விழும்போது அடி வரத்தான் செய்யும். கையை த்ராட்டில் பாடி பக்கம் கொண்டுபோங்கள். தட்டின் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அதற்குரிய கிளீனரால் துடைத்து, பிறகு ஸ்கேனரில் ஐடில் கற்றல் (கம்ப்யூட்டருக்குப் புதிய ஐடிலைப் பழக்குவது) செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஆர்பிஎம் முன்னைவிட ஏறி நிற்கும், உதையும் கூடும்.

அடுத்து மவுண்டிங். பானெட்டைத் திறந்து ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழுதாக அழுத்தி, ஓட்டுபவர் டி, என் (நியூட்ரல்), ஆர் என்று மாற்ற வேண்டும். எஞ்சின் லேசாகச் சாய்ந்து திரும்புவது இயல்பு. ஒரு அங்குலம் அளவுக்குத் தூக்கி அடித்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது அல்லது உள்ளே இருந்த திரவம் ஒழுகிவிட்டது. அடியில் கறுப்பாக ஈரம் கசிந்திருப்பதே அதற்கு அடையாளம். எஞ்சின் சூட்டோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்து இந்த ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கிறது. மூன்றில் ஒன்று போயிருந்தாலும் மற்ற இரண்டையும் தட்டிப் பாருங்கள். ஒன்றின் சுமையை மற்றவை தாங்கியிருக்கும்.

சரிவில் நிறுத்திவிட்டு பி-யிலிருந்து (பார்க்கிங்) எடுக்கும்போது மட்டும் 'டக்' என்று அடித்தால் அது கோளாறு அல்ல. வண்டியின் மொத்த எடையும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கும் சத்தம்தான் அது. கால் பிரேக்கைப் பிடித்தபடி 'என்' போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, காலை எடுத்து வண்டி உட்கார்ந்தபின் மறுபடி பிரேக் பிடித்து பி போட்டால் சத்தம் வராது.

போட்ட பிறகு தாமதமாகக் கிளம்புகிறது

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் இதற்குக் கடிகாரமே கருவி. வண்டி நன்றாகச் சூடேறி சமதளத்தில் நிற்க, பிரேக் அழுத்தி, என்-னிலிருந்து டி போட்டதும் லேசான அதிர்வு வரும் வரை எண்ணுங்கள். டொயோட்டா கையேடுகளில் டி-க்கு 1.2 விநாடி, ஆர்-க்கு 1.5 விநாடி என்பது எல்லை. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

டி, ஆர் இரண்டும் தாமதம் என்றால் அழுத்தம் போதவில்லை: ஆயில் குறைவு, அடைபட்ட ஃபில்டர், தேய்ந்த பம்பு, இந்த வரிசையில் தேடுங்கள். ஒன்று மட்டும் தாமதம் என்றால் அந்தக் கியரைப் பிடிக்கும் கிளட்ச் தட்டோ அதன் சீலோ தேய்ந்திருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் தடவை மட்டும் தாமதித்து, பிறகு நன்றாக ஓடினால், கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கிவிடுகிறது அல்லது உள் சீல்கள் கெட்டிப்பட்டுவிட்டன. அளவு சரியாக இருந்தால் சில காலம் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். தாமதமாகிறதே என்று ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்க வைக்க வேண்டாம்; கியர் விழும் அந்த நொடியில் கிளட்ச் தட்டு தீய்ந்துபோகும்.

எஞ்சினை முழுதாக முறுக்கிப் பார்க்கும் ஸ்டால் சோதனையை வீட்டு வாசலில் யாரும் செய்யக் கூடாது. சில விநாடிகளிலேயே ஆயில் கடுமையாகச் சூடேறும். சிவிடியிலும் டிசிடியிலும் அதைச் செய்யவே கூடாது.

ஆயில்: அதிகம் கவனிக்க வேண்டிய இடம்

80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆட்டோமேட்டிக் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக உள்ள கணக்கு. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று எழுதப்பட்ட ஆயிலைக்கூட, இந்த வெயிலில், நெரிசலிலும் மலையிலும் ஓடும் வண்டிக்கு 60,000 கி.மீ. வாக்கில் மாற்றுவது நல்லது. சிவிடிக்கு 40,000.

குச்சி உள்ள பெட்டி என்றால், 15 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே எல்லாக் கியரையும் ஒருமுறை தொட்டு பி-க்கு வந்து, நூல் விடாத துணியால் குச்சியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பல வண்டிகளில் அளவு தப்பாகக் காட்டும்.

இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் குச்சி இல்லை. அடியில் ஒரு வழிவு போல்ட் இருக்கும். ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது அதைத் திறந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் நூலாக ஒழுகினால் அளவு சரி. நம் ஊரில் பிழை நடக்கும் இடம் இதுதான். மே மாதம் மூன்று மணிக்கு வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியே 40 டிகிரியில் இருக்கும். லிஃப்டில் ஏற்றி எஞ்சினைக் கிளப்பினால் சில நிமிடத்தில் 60-ஐத் தொடும். சூட்டில் விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்து போகும். ஆறியபின் உள்ளே அளவு குறைந்து நிற்கும். ஆயில் மாற்றிய பிறகு உதை அதிகமானது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியில், காலை எட்டு மணிக்குள், ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அதிகமாக ஊற்றுவதும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. அளவு குறைந்தால் என்ன அறிகுறியோ அதே அறிகுறி வரும்.

நிறத்தையும் வாடையையும் வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பாகி, வாடை இல்லை என்றால் மாற்றினால் போதும். கறுத்து, தீய்ந்த எண்ணெய்ச் சட்டி போல வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஆயில் மாற்றம் மட்டும் அதைத் தீர்க்காது. இளஞ்சிவப்பு பால் போல இருந்தால் வண்டியை இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

அந்தப் பால் நிறம் ரேடியேட்டரிலிருந்து வருகிறது. பல வண்டிகளில் கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர்த் தண்ணீரை ஊற்றினால், சுண்ணாம்பு அந்தக் குழாயின் மேல் படிந்து சூட்டை வெளியேற விடாது. உப்பு அதன் பற்றவைப்புகளை அரிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம், தோல் தொழிற்சாலைகளின் கழிவு நெடுங்காலம் நிலத்தடி நீரில் கலந்த ஊர்களில், இந்த உப்பு இன்னும் கடுமை. குழாயில் ஊசித் துளை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். அதில் உள்ள கிளைக்கால் கிளட்ச் தட்டின் பசையைக் கரைத்து உரித்துவிடும். அந்த நிலையில் ரேடியேட்டரை மாற்றி ஆயிலைக் கழுவினால் மட்டும் போதாது; பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். இதைத் தடுக்க ஆகும் செலவு ஒரு கேன் கூலன்ட்டும், கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும்தான். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி வந்த வண்டியிலும், மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியாக நீர் புகுந்து இதே பால் நிறம் வரலாம்.

ஆயில் தட்டைக் கழற்றும்போது அதில் ஒட்டியுள்ள காந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள் என்றால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் புஷ்ஷிலிருந்து வருவது. கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் தட்டின் தோல்.

வடிகால் போல்ட்டைத் திறந்தால் முழு ஆயிலும் வராது. 7 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3.5 லிட்டர்தான் வடியும். மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். எனவே ஒரு தடவை மாற்றினால் புதிய ஆயில் பாதி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை மாற்றினால் முக்கால் பங்கு, மூன்றாவது தடவையில் 87 சதவீதம். 1,00,000 கி.மீ. ஓடியும் ஒருமுறைகூட ஆயில் மாற்றாத வண்டிக்கு, மெஷின் வைத்து அழுத்திக் கழுவும் ஃபிளஷைவிட இந்தப் படிப்படி முறையே பாதுகாப்பு. படிந்திருந்த குப்பை ஒரே அடியில் கிளம்பி வால்வ் பாடியின் (ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்து அனுப்பும் பகுதி) நுண்துளைகளை அடைக்காது. வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, பிறகு மட்டம் பார்க்க வேண்டும். வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போடுங்கள். தட்டைப் பிடிக்கும் சிறிய போல்ட்டுகளுக்கு 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பலம் காட்டினால் தட்டின் விளிம்பு வளைந்து ஒழுகும்.

ஆயிலின் வகையில் சமரசம் கூடாது. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹூண்டாய் 6 கியர் பெட்டிக்கு எஸ்பி-4, ஹோண்டா சிவிடிக்கு ஹெச்சிஎஃப்-2, நிசான் சிவிடிக்கு என்எஸ்-3. 'எல்லாத்துக்கும் சேரும்' என்று டின்னில் எழுதியிருந்தாலும் கையேட்டில் உள்ள பெயர் அதில் இல்லையென்றால் வேண்டாம்.

ஓடும்போது கியர் ஏறுகையில் உதை

எல்லாக் கியரிலும் உதைத்தால் பொதுவான ஒன்றில் கோளாறு: ஆயில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு), காற்று அளவு சென்சார், மவுண்டிங். எஞ்சின் எவ்வளவு விசை தருகிறது என்ற கணக்கை வைத்துத்தான் பெட்டி கிளட்சை அழுத்துகிறது. காற்று சென்சாரில் தூசி படிந்து கணக்குத் தப்பினால், மென்மையான பெட்டிகூட அடிக்கும். ஏர் ஃபில்டரை மாற்றி, சென்சாரை அதற்கான ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்து பாருங்கள். துணி பட்டால் கம்பி அறுந்துபோகும்.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும், அல்லது மூன்றிலிருந்து நான்குக்கு மட்டும் என்றால் அந்த மாற்றத்துக்குரிய சோலினாய்டும் கிளட்ச்சும்தான் குற்றவாளிகள். பி 0750 தொடங்கி வரும் கோடுகள் எந்த சோலினாய்டு என்று சொல்லும். கழற்றாமலே கனெக்டரில் மீட்டர் வைத்து அளக்கலாம். டொயோட்டாவில் வரும் ஐசின் பெட்டிகளில் ஆன்-ஆஃப் சோலினாய்டு 11 முதல் 15 ஓம், அழுத்தம் கட்டுப்படுத்தும் லீனியர் சோலினாய்டு 5 ஓம் சுற்றி இருக்கும். ஆறியிருக்கும்போது சரியாக இருந்து சூடானபின் அளவு தாவினால் சோலினாய்டை மாற்றுங்கள். வால்வ் பாடி வரை இறக்கிச் செய்யும் வேலை இது. முழுப் பெட்டியும் இறங்க வேண்டியதில்லை.

காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கியர் தாமதமாக ஏறி, பிறகு சரியாவது இயல்பு. ஆயில் சூடேறும் வரை கம்ப்யூட்டரே அப்படி ஓட்டுகிறது. மார்கழியில் ஏலகிரியில் தங்கியவர்கள் காலையில் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதற்கு எதிராக, சூடேற ஏற உதை அதிகமாவதுதான் கவலைக்குரியது. சூட்டில் நீர்த்த ஆயில் தேய்ந்த வால்வுகளின் இடுக்கில் கசிந்து அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம்.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கியர் மாறும் இடைவெளியில் முள் சட்டென்று 500, 1,000 ஆர்பிஎம் எகிறி, பிறகு கியர் 'டப்' என்று பிடித்தால் அது வழுக்கல். ஏலகிரி வளைவில், நாலு பேரும் சாமானும் ஏற்றிய வண்டியில் இது தெளிவாகத் தெரியும். பி 0730 அல்லது குறிப்பிட்ட கியருக்கான விகிதக் கோடு வரும். முதலில் மட்டம், அடுத்து நிறம், அடுத்து அழுத்தச் சோதனை. ஆயில் சிவப்பாக, மட்டம் மட்டும் குறைவாக இருந்தால் ஒழுகும் இடத்தை அடைத்து நிரப்பினாலே பிழைத்துக்கொள்ளும். கறுத்து வாடை அடித்தால் பெட்டியைத் திறப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வழுக்கும் பெட்டியோடு ஓட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கிளட்ச் தட்டின் செலவு முழுப் பெட்டியின் செலவாக வளர்கிறது.

50-லிருந்து 80 கி.மீ. வேகத்தில் 'தடதட'வென்று ஒரு அதிர்வு

வேகத்தடைக் கோடுகளின் மேல் ஓடுவது போல இரண்டு மூன்று விநாடி அதிர்ந்து அடங்கும். நெடுஞ்சாலையில் லேசான மிதியில் போகும்போது வரும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் சந்தேகிக்க வேண்டியது லாக்-அப் கிளட்ச், அதாவது எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் கன்வெர்ட்டர் கிளட்ச்.

பின்னால் வண்டி இல்லாத இடத்தில், அதிர்வு வரும்போதே ஆக்சிலேட்டரை விடாமல், இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் சைகை வந்ததும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவித்துவிடும். அதிர்வு அந்த நொடியே நின்றால் லாக்-அப்தான். நிற்காமல், அழுத்தி மிதித்தால் இன்னும் மோசமானால் அது எஞ்சின் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது). ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். பி 0300 வரிசைக் கோடுகள் அதை உறுதி செய்யும்.

லாக்-அப் என்று முடிவானால், கையேட்டில் சொன்ன ஆயிலை மேலே சொன்ன படிப்படி முறையில் மாற்றுவதே முதல் வைத்தியம். தட்டு எரியாத நிலையில் இதிலேயே அதிர்வு அடங்குவது உண்டு. ஸ்கேனரில் லாக்-அப் வழுக்கலைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். பூட்டிய நிலையில் எஞ்சின் ஆர்பிஎம்முக்கும் பெட்டியின் உள்தண்டு ஆர்பிஎம்முக்கும் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றைத் தாண்டி ஆடிக்கொண்டே இருந்து பி 0741 வந்தால் கன்வெர்ட்டர் மாற்றம்தான்.

லாக்-அப்பே விழாமல், நெடுஞ்சாலையில் வழக்கத்தைவிட ஆர்பிஎம் கூடுதலாக நின்றால் முதலில் பின்னால் போய் பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு விளக்கு எப்போதும் எரிந்தால், பிரேக் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பூட்டவே பூட்டாது. சின்ன சுவிட்சுக்காக ஒரு கன்வெர்ட்டர் மாற்றுவது எத்தனை கொடுமை!

நிற்கப் போகும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது

இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில், நிற்கும் முன் ஒரு 'டொம்', கிளம்பும்போது இன்னொரு 'டொம்' வந்தால் கியர்பாக்ஸை மறந்துவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் உள்ளே வெளியே சறுக்கும் பகுதி கிரீஸ் இல்லாமல் காய்ந்தால், ஒட்டிக்கொண்டு திடீரென்று விடும். நிப்பிள் இருந்தால் மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் அடியுங்கள். ஜாயின்ட் கிராஸைக் கையால் பிடித்து முறுக்கி ஆட்டமோ துருப்பொடியோ தெரிந்தால் கிராஸை மாற்றுங்கள். முன்சக்கர வண்டியில் இதே சத்தம் என்றால், முழுக்க ஸ்டீயரிங் வளைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று தொடர்ந்து வந்தால் ஆக்சில் ஜாயின்ட்.

ஏஎம்டியில் உதை

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது தலை முன்னால் ஆடுவது ஏஎம்டியின் பிறவிக் குணம். ஒரே கிளட்ச் பிரிந்து சேரும் நேரம் அது. மாறும் நொடியில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் பாதியாகும். அதற்கு வைத்தியம் செய்து காசைக் கரைக்காதீர்கள்.

கிளம்பும்போது வண்டி முழுக்க நடுங்கினாலும், கருகிய காகிதமும் ரப்பரும் சேர்ந்த வாடை வந்தாலும், நான்காவது ஐந்தாவது கியரில் முள் ஏறி வேகம் ஏறாவிட்டாலும் கிளட்ச் தட்டுதான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகள் நிற்கும்போது, பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடியே எரியும். தட்டு மாற்றியபின் ஸ்கேனரில் கிளட்ச் கற்றல் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் புதிய தட்டோடும் உதைக்கும். அதைச் செய்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஹைட்ராலிக் ஏஎம்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததும் 'உர்ர்' என்று ஒரு பம்பு ஓடி நிற்கும். அது இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் ஓடினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அதன் திரவத் தொட்டியைப் பாருங்கள். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்னதை மட்டுமே ஊற்றுங்கள், பிரேக் ஆயிலை அல்ல. ஓடும்போது திடீரென்று மீட்டரில் 'என்' மின்னி கியர் விழாமல் போனால் முதலில் பேட்டரியை அளங்கள். அணைத்த நிலையில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5. பம்பும், கியர் போடும் ஆக்சுவேட்டரும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதால், மூன்று வருடமானதை நம்ப வேண்டாம்.

டிசிடியும் சிவிடியும்

உலர் கிளட்ச் டிசிடி நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடாகி நடுங்கும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். முன்னால் உள்ள வண்டி ஒரு கார் நீளம் போகும் வரை காத்திருந்து, பிறகு ஒரே இழுப்பாக நகர்வதே அதற்குப் பாதுகாப்பு. ஆறியபின்னும் நடுக்கம் நீடித்தால் கிளட்ச் கற்றலை மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் கிளட்ச் தொகுப்பை மாற்ற வேண்டும்.

சிவிடியில் மிதித்ததும் ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது அதன் இயல்பு. 20 முதல் 40 கி.மீ.க்குள் நடுக்கமும், 'வீங்' என்ற சத்தமும் வந்தால் ஆயிலைப் பாருங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை யாராவது ஊற்றியிருந்தால் பெல்ட்டும் கப்பியும் வழுக்கிக் கீறல் விழும். கீறல் விழுந்த கப்பியை ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

ஒரே கியரில் மாட்டிக்கொண்டால்

வேகம் ஏறாமல் மூன்றாவது கியரிலேயே வண்டி ஊர்ந்தால் கம்ப்யூட்டர் தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் அணைத்து, மறுபடி கிளப்புங்கள். சரியானால் அருகில் உள்ள பட்டறை வரை மெதுவாகப் போகலாம். கோளாறுக் கோடுகளை அழிக்காமல் படிக்கச் சொல்லுங்கள். பி 0715, 0720 வந்தால் வேக சென்சார். எலி கடித்த ஒயரும் இதே கோடுகளைத் தரும். பி 0218 வந்தால் ஆயில் கொதித்திருக்கிறது. ரேடியேட்டர் ஃபேனையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள்.

நகரவே இல்லையென்றால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது டார்க் கன்வெர்ட்டர், சிவிடி பெட்டிகளில் பம்பு ஓடாது, உள்ளே ஆயில் போகாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியை வரச்சொல்லுங்கள்.

வேலை முடிந்தபின்

ஆயில், சோலினாய்டு, வால்வ் பாடி, எது மாற்றினாலும் கம்ப்யூட்டர் பழைய தேய்மானத்துக்குப் பழகியிருக்கும். ஸ்கேனரில் பழைய கற்றலை அழித்து, சூடான ஆயிலோடு, லேசான மிதியில் ஒவ்வொரு கியரும் ஏறி இறங்கும்படி அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் கொஞ்சம் தடுமாறினால் பயப்படாதீர்கள். பில்லில் ஆயிலின் பெயர், எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், ஆயில் சூடு எத்தனை டிகிரியில் மட்டம் பார்த்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். பணத்தைக் கொடுக்கும் முன், உதை முதலில் வந்த அதே சாலையில், அதே நேரத்தில், ஏசியை அதே அளவில் வைத்து, குறிப்பெடுத்த அதே ஆளோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.